ஜெராக்ஸ் எடுத்துட்டு வா

“எங்கப்பாகிட்ட நாற்பதாயிரம்னு எதுக்குங்க மேடம் பொய் சொன்னீங்க?”

பூவரசன் நின்றுகொண்டே கேட்டான். ஹேமலதா சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

ஈரோட்டில் ஒரு கல்லூரியின் அட்மிஷன் அலுவலகம் அது. ஆள் சேர்க்கும் வித்தையை அங்கே எல்லோரும் அவளிடம்தான் கற்றுக்கொண்டார்கள். நான்கு வருடம் முன்பு பூவரசனை விற்பனை எம்.பி.ஏ.வில் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

படித்து முடித்து ஊரெல்லாம் அலைந்தவனுக்குக் கடைசியில் ஒரு வேலை கிடைத்தது. அதே படிப்பை, அதே அலுவலகத்தில் உட்கார்ந்து விற்கும் வேலை. கேட்டால் சிரிப்புதான் வர வேண்டும். வயிறுதான் எரிகிறது.

சம்பளம் பதினாறாயிரம். வாங்கிய கல்விக்கடன் ஆறு லட்சம், ஏழரை லட்சமாகி நிற்கிறது. படிக்கிற காலத்தில் வட்டி ஓடாது என்று அப்பனும் மகனும் நம்பியிருந்தார்கள். அது பாட்டுக்கு ஓடியது. மாதத் தவணை பத்தாயிரத்துச் சொச்சம்.

அப்பா தறி ஓட்டியவர். தவணைக்காக இரண்டு ஷிஃப்ட் பார்த்தார். போன தை மாதம் தறிப்பட்டறையிலேயே சரிந்தார். எழுந்திருக்கவில்லை.

“அன்னைக்கு இந்த ரூமை விட்டு வெளிய வந்து, ‘மாசம் நாற்பதாயிரம் கெடைக்குமாமாடா’ன்னாரு. மொகமெல்லாம் சிரிப்பு. அந்த நாற்பதாயிரம் எங்கீங்க மேடம்?”

ஹேமலதா தயிர்சோற்றைப் பிசைந்தாள்.

“வெளிய ஒருத்தர் பொண்ணோட உக்காந்திருக்காரு. அதே படிப்பு. நீ போய்ப் பேசு. அப்புறம் வந்து கேளு.”

அவன் நகரவில்லை.

“நான் என்ன சொல்லிக் குடுத்திருக்கேன்?”

“பீஸைச் சொன்னதும் வாயை மூடிக்கணும். மொதல்ல பேசறவன் தோத்தான்.”

“இன்னைக்கு உன் இஷ்டப்படி பேசு. போ.”

மாதத்துக்குப் பத்துப் பேரைச் சேர்க்க வேண்டும். சேராவிட்டால் வேலை இல்லை. மாதம் இன்றோடு முடிகிறது. பூவரசன் கையில் ஒன்பது பேர்.

வந்திருந்தவர் பெயர் சென்னியப்பன். மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத மஞ்சள் விரல்களில் ஏறியிருந்தது. பக்கத்தில் மகள் தாரணி, மடியில் ஃபைலோடு.

“கண்ணு, மார்க் சீட்டையெல்லாம் ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா” என்றார்.

“மெஷின் இங்கயே இருக்குதுங்க” என்று பூவரசன் வாயெடுத்தான்.

சென்னியப்பன் கையமர்த்தினார். “வெளிய கடையில எடுத்துட்டு வரட்டுமுங்க.”

தாரணி கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

“இப்பச் சொல்லுங்க தம்பி. எவ்வளவு ஆவும்?”

“ரெண்டு வருசத்துக்கு ஏழு லட்சத்து இருபதாயிரமுங்க. பேங்க்ல லோன் குடுப்பாங்க. நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போடணும்.”

வாயை மூடிக்கொண்டான். மின்விசிறி சுற்றியது.

“நீங்களும் இதேதான் படிச்சீங்களா?”

“ஆமாங்க.”

“இப்ப எவ்வளவு வாங்கறீங்க?”

ஒன்பது பேர் என்று நினைத்தான். இவரோடு பத்து. பிறகு தறிப்பட்டறைத் தரை ஞாபகம் வந்தது.

“பதினாறாயிரமுங்க. அதுல பத்தாயிரத்துக்கு மேல தவணைக்கே போயிருது. படிக்கறப்பவே வட்டி ஓடுமுங்க, அதை யாரும் சொல்ல மாட்டாங்க. எங்கப்பா அதைக் கட்டிக் கட்டியே செத்துட்டாரு. வேண்டாமுங்க. பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருங்க.”

வேலை போயிற்று. போனால் போகட்டும்.

சென்னியப்பன் அவனையே பார்த்தார். பிறகு சாத்திய கதவைப் பார்த்தார்.

“பி.காம். முடிச்சு ஒரு வருசமா வூட்ல இருக்குதுங்க. எங்க மண்டியில கணக்கெழுதக் கூப்புடறாங்க, எட்டாயிரத்துக்கு. நான் மூட்டை தூக்கறதைப் பார்த்துக்கிட்டு அது அங்க உக்காரோணுமுங்க.”

“எட்டாயிரம்னாலும் கடன் இல்லீங்களே.”

“எங்க கையெழுத்துப் போடோணும்?”

“ஐயா, நான் சொன்னது...”

“காது நல்லாத்தான் கேக்குதுங்க தம்பி. எங்கன்னு காட்டுங்க.”

காட்டினான். அவர் எழுத்தெழுத்தாகப் போட்டார். தாளின் ஓரத்தில் மஞ்சள் ஒட்டியது.

தாரணி ஜெராக்ஸோடு வந்தாள்.

“என்னப்பா சொன்னாங்க?”

“மாசம் முப்பத்தஞ்சாயிரத்துக்குக் கொறையாதாமா, கண்ணு. சாரே சொன்னாரு.”

சொல்லும்போது அவர் பூவரசன் பக்கம் திரும்பவே இல்லை.

“தேங்க்ஸ் சார்” என்றாள் தாரணி. அவள் முகமெல்லாம் சிரிப்பு. பூவரசன் ஜெராக்ஸை வாங்கிக்கொண்டான்.

அவர்கள் போனதும் உள்ளே வந்தான். ஹேமலதா டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“பத்தாச்சா?”

“ஆச்சுங்க.”

“பொய் சொன்னியா?”

“இல்லீங்க மேடம். என் சம்பளத்தைச் சொன்னேன்.”

“நானும் இதே படிப்புதான். உங்கப்பா கேட்டப்ப எனக்குப் பன்னெண்டாயிரம். அதைத்தான் சொன்னேன்.”

அவள் குழாயை மூடினாள்.

“அப்ப நீ எங்க இருந்த?”

பூவரசன் கையிலிருந்த ஜெராக்ஸைப் பார்த்தான்.

“ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தேனுங்க.”