வெளியே நின்ற மாப்பிள்ளை

கூத்தன்வாய்க்கால் பக்கிரிசாமிக்கு முப்பத்தொன்பது வயதாகியும் கல்யாணம் ஆகாததற்கு அவன் மட்டும் காரணமில்லை. அவனுக்கு ஓர் அண்ணனும் ஒரு தம்பியும் இருந்தார்கள். ஓர் ஆளுக்கு வேண்டிய புத்தியை மூன்று பேரும் சண்டையில்லாமல் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏழு வரன் தட்டிப்போய், எட்டாவதாக மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் சுலோச்சனா வாய்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கம்ப்யூட்டரில் மாப்பிள்ளையைப் பார்ப்பாள்; அரைமணி நேரத்தில் டியூட்டிக்குப் போய்விடுவாள். இதுவும் போனால் காவி வேட்டிதான் என்று பக்கிரிசாமிக்குப் பயம். அன்றைக்கு ஆறு இட்லிக்கு மேல் இறங்கவில்லை, பாவம்.

பத்தரைக்கு நெட் நின்றது.

விடிந்ததிலிருந்து அவன் போன் நூற்றெட்டு நாதஸ்வர வீடியோக்களை இறக்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு எது தோதுப்படும் என்று பார்க்கத்தான். அதை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை, அவனும்தான்.

அண்ணன் கலியமூர்த்தி விவசாயி. “நெட் பெட்டி கூடத்துல இருக்கு, கம்ப்யூட்டர் உள்ரூம்ல இருக்கு. நாம கடைமடை. எப்புடிறா வந்து சேரும்?” என்றார்.

“பெட்டியை மேட்டுல ஏத்துங்கண்ணே, தானா ஓடியாரும்” என்றான் தம்பி ரெத்தினசபாபதி.

பரண்மேல் ஏற்றினார்கள். ரெத்தினசபாபதி அறைவாசலில் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தான். “இன்னும் வரலண்ணே.”

வேறு வழியில்லாமல் நெட் கம்பெனிக்குப் போன் போட்டார்கள். அங்கிருந்த பெண் பொறுமைசாலி. “உங்க வீட்டு போனையெல்லாம் கனெக்‌ஷன்லேருந்து எடுத்துடுங்க சார். அப்புறம் ஒவ்வொண்ணா சேர்த்துப் பாருங்க. எதைச் சேர்த்ததும் நெட் நிக்குதோ, கோளாறு அங்கதான்.”

“போனை வெளியே அனுப்பணுமாம்” என்றார் கலியமூர்த்தி.

“அது தனியா எப்புடிண்ணே போவும்?”

“அதானே! நாமதான் கூடப் போவணும்.”

மூவரும் அவரவர் போனோடு தெருக்கோடிக் குழாயடிக்குப் போய் நின்றார்கள். வயதுக்கு மரியாதை கொடுத்து அண்ணன் முதலில் திரும்பிப் போனார். திரையில் சுலோச்சனா பளிச்சென்று உட்கார்ந்திருந்தாள்.

“நீங்கதான் மாப்பிள்ளையா?”

“இல்லம்மா, அவனோட அண்ணன். சும்மா சோதனைக்கு வந்தேன்” என்று கும்பிட்டுவிட்டு எழுந்து ஓரமாக நின்றுகொண்டார். அடுத்து வந்த ரெத்தினசபாபதியும் சோதனைக்கு வந்ததாகவே சொன்னான்.

மூன்றாவதாகப் பக்கிரிசாமி, தலைவாரி, பவுடர் போட்டு, புதுச்சட்டையோடு வந்து உட்கார்ந்தான். “வணக்கங்க” என்று வாயெடுத்தான். சுலோச்சனா பாதிக் கொட்டாவியில் அப்படியே நின்றுபோனாள்.

கலியமூர்த்தி பக்கிரிசாமியின் தோளில் கைவைத்தார். “கோளாறு நீதாண்டா. வெளியே போ.”

“அண்ணே, என்னையப் பார்க்கத்தானே அது வந்திருக்கு!” அவன் கண் கலங்கிவிட்டது.

“மணி பதினொண்ணே காலு. அடம் பிடிக்காத. சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போ. அதாச்சும் உள்ளே இருக்கட்டும்.”

பக்கிரிசாமி பனியனும் கையில் போனுமாகக் குழாயடியில் நின்று ஊர்ச்சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டான். உள்ளே நாற்காலியில் சட்டையை மாட்டிவிட்டு அண்ணனும் தம்பியும் கதவோரம் ஒதுங்கினார்கள். நெட் வந்தது. சுலோச்சனா பதினைந்து நிமிஷம் விடாமல் பேசினாள்.

பிறகு அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. “பொண்ணுக்குச் சம்மதங்க! படம் கொஞ்சம் மங்கலாம். இதுவரைக்கும் பார்த்த மாப்பிள்ளைங்க எல்லாம் தன் பெருமையையே பேசுனாங்களாம். இவருதான் அவளைப் பேசவிட்டு அடக்கமா கேட்டாராம்.”

அண்ணனும் தம்பியும் வந்து சேதி சொன்னதும், பக்கிரிசாமி குழாயடியிலேயே ஒரு குதி குதித்தான்.

“ரொம்பக் குதிக்காத” என்றார் கலியமூர்த்தி. “கல்யாணத்தை மஸ்கட்டுல இருக்குறவங்க நெட்டுலதான் பார்க்கப் போறாங்களாம். நீ மண்டபத்துக்குள்ள காலெடுத்து வெச்சே, எல்லாம் நின்னு போயிடும்.”

“அப்ப தாலிய யாருண்ணே கட்டுறது?”

இது நியாயமான கேள்வி. மூவரும் மத்தியானம் வரைக்கும் யோசித்தார்கள். மறுநாள் காலையில் டேப்போடு ஊர் ஊராகப் போய்க் கல்யாண மண்டபங்களின் ஜன்னல்களை அளக்க ஆரம்பித்தார்கள். வெளியே நிற்கும் மாப்பிள்ளையின் இரண்டு கையும் கம்பிக்குள் தாராளமாக நுழைய வேண்டுமல்லவா?