நிதானமாய்ப் பெறுகிற வம்சம்

“சிஸ்டர், இந்தப் பொண்ணு ஒத்துழைக்கவே மாட்டேங்குறா,” என்றார் டாக்டர் மஞ்சரி.

அந்தப் பிரசவ வார்டில் பட்டமெல்லாம் டாக்டர்களுக்கு. பாடம் மட்டும் ஜெசிந்தா சிஸ்டரிடம். சீடர் மஞ்சரியைவிடக் குருவுக்கு மூன்று வயது குறைவு. அதைப் பற்றி இருவருக்கும் கவலையில்லை.

“என்ன ஒத்துழைக்கல டாக்டர்?”

“காலையில ஒரே நேரத்துல ரெண்டு பேர் வந்தாங்க. ரெண்டும் தலைப்பிரசவம். வலி வர ஒரே மருந்து, ஒரே அளவு. அந்தப் பொண்ணு பன்னெண்டு மணிக்கே பெத்துட்டா. இவளுக்குக் கர்ப்பவாய் இன்னும் அஞ்சு சென்டிமீட்டர்தான் திறந்திருக்கு.”

கேஸ் ஷீட்டிலும் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதிவைத்துவிட்டார்.

கட்டிலில் கிடந்த மாரிச்செல்விக்கு எல்லாம் காதில் விழுந்தது.

“எனக்குப் பெக்கத் தெரியல டாக்டரம்மா. அறுத்து எடுத்துருங்க,” என்று அழுதாள்.

பாவம், வலி போதாதென்று இந்தப் பழி வேறு.

“பிள்ளைக்குத் துடிப்பு எப்படி?” என்றார் ஜெசிந்தா.

“நல்லா இருக்கு.”

“தாய்க்கு?”

“குறை ஒண்ணுமில்ல. பெரிய டாக்டரும் பாத்துட்டு, காத்திருக்கலாம்னுதான் சொன்னாங்க.”

ஜெசிந்தா கதவைத் திறந்தார். வெளியே மாரிச்செல்வியின் தாய் பேச்சியம்மாள், பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“ஏம்மா, இவ பொறக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?”

“முத நா விடியக்காலம் வலி கண்டுச்சு. மறுநா சாயங்காலந்தான் பொறந்தா. எங்க அக்காவுக்கும் அப்படித்தாம்மா.”

ஜெசிந்தா திரும்பி வந்தார்.

“ஒரே மருந்து எல்லா உடம்புக்கும் ஒரே மாதிரி கேக்காது, அதுக்கு ஜீனும் ஒரு காரணம்னு நீங்கதானே படிச்சீங்க?”

“படிச்சேன். பரீட்சைக்கு.”

“சரி, இப்ப உங்க அம்மாவுக்கு ஒரு போன் போடுங்க. நீங்க பொறந்த கதையைக் கேளுங்க.”

மஞ்சரி தயங்கினார். அவரே அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. ஆனாலும் குரு சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. போன் போட்டதும் சிஸ்டர் அதை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலோரம் வைத்தார்.

“அம்மா, நான் பொறக்க எவ்வளவு நேரம் ஆச்சு?”

“முப்பது மணி நேரம்டி. உன் சித்திக்கும் அப்படித்தான் இழுத்துச்சு. உனக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன். சிடுசிடுக்காத டாக்டரா ஒருத்தரை இப்பவே பாத்து வெச்சுக்க.”

மஞ்சரிக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார்.

மாரிச்செல்வி கண்ணைத் துடைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க பிரசவத்தன்னைக்கு என்னைக் கூப்பிடுங்க டாக்டரம்மா. பக்கத்துலயே இருந்துக்கிடுதேன். நான் திட்ட மாட்டேன்.”