உப்பு ஏறாத மடவை

ஒரு காட்டில் மரங்களெல்லாம் உப்புத் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு நின்றன. அலையாத்திக் காடு அது. அதன் ஓரத்தில், நாலு பக்கமும் மண்மேடு சூழ்ந்த ஒரு நல்ல தண்ணீர்க் குட்டை இருந்தது. அதில் ஒரு விரால் மீன் தன் குஞ்சுகளோடு வாழ்ந்தது.

விரால் பாசக்காரி. தன் குஞ்சுகளைத் தவிர வேறு எதுவும் அவள் கண்ணில் படாது. குஞ்சுகளும் செக்கச் செவேலென்று ஒரே கூட்டமாய் அம்மாவின் தலைக்கு மேலேயே நீந்தும். பக்கத்தில் யார் வந்தாலும் விரால் பாய்ந்து கடித்துவிடுவாள்.

அந்த வருஷப் புயலில் மேடு உடைந்தது. கடல் ஏறும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் குட்டைக்குள் புகுந்தது. தவளைகள் மூட்டை கட்டாத குறையாய் ஓடிவிட்டன. குஞ்சுகள் வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கின. சில குஞ்சுகள் மல்லாந்தே போயின.

விரால் பதறிப்போனாள். கரையில் படுத்திருந்த நீர்நாயைக் கேட்டாள். நீர்நாய் மகா சோம்பேறி. ஆனால் பேச்சு மட்டும் பெரிய பண்டிதர் பேச்சு.

"அண்ணே, கடல் மீனெல்லாம் இந்த உப்புக்குள்ளேயே பிறந்து வளருதே! அதுகளுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகறதில்லை?"

நீர்நாய் மீசையைத் தடவியது. "அருமையான கேள்வி! இதை ஆராய்ச்சி பண்ணித்தான் சொல்லணும். கடலிலிருந்து ஓடை வழியா மடவை மீன் வருமில்லையா? ஒண்ணை என்கிட்ட அனுப்பு. அந்த வேர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து சோதிச்சுப் பார்க்கிறேன்."

"வாய்க்கால் வழியா மேலே ஏரிக்குப் போயிடலாமான்னு நினைச்சேன், அண்ணே."

"வாய்க்காலா? அது புயலில் அடைஞ்சு போச்சே! பேசாம இங்கேயே இரு. பதில் நான் சொல்றேன்."

விரால் நம்பிவிட்டாள். வாய்க்காலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கடல் ஏறியது. ஒரு மடவை துள்ளிக் குதித்து வந்தது.

"தங்கச்சி, எங்க அண்ணன் உன்கிட்ட ஒரு சந்தேகம் கேட்கணுமாம். அந்த வேர்ப் பக்கம் ஒரு எட்டுப் போயிட்டு வாயேன்."

"அதுக்கென்ன அக்கா, போனாப் போச்சு!" என்று மடவை போனது.

கொஞ்ச நேரத்தில் நீர்நாய் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தது.

"அதிசயம்! கடலையே குடிச்சு வளர்ந்த மீன், உள்ளே உப்பே இல்லை! சப்பென்று இருக்கு!"

உண்மைதான், கண்ணுகளா. கடல் மீன் வாங்கி வந்தாலும் உங்கள் அம்மா குழம்புக்கு உப்புப் போடத்தானே செய்கிறாள்?

"சரி அண்ணே, அந்த உப்பெல்லாம் எங்கே போகுது?"

"அவசரப்படாதே. ஒண்ணை வச்சு முடிவு சொல்ல முடியுமா? இன்னொண்ணு அனுப்பு."

விரால் இன்னொன்றை அனுப்பினாள். மறுநாளும் அனுப்பினாள். போன மடவை எதுவும் திரும்பி வரவில்லையே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் பார்வையெல்லாம் தன் குஞ்சுகள் மேல்தான்.

அதற்கடுத்த நாள் காலை ஒரு நண்டு பக்கவாட்டில் ஓடிவந்தது. அது சரியான வாயாடி.

"அக்கா, உங்க அண்ணன் புளுகுது! உப்பே இல்லையாம்! ராத்திரி முழுக்க ஓடைத் தண்ணியில் கிடந்த மிச்சத்தை நான் தின்னு பார்த்தேன். கருவாடு தோத்துது, போங்க!"

"மிச்சமா? எதோட மிச்சம்?"

நண்டு கொடுக்கைத் தூக்கிக் காட்டியது. அதில் ஒரு வால் தொங்கியது.

"என்னக்கா, தெரியாத மாதிரி கேக்குறீங்க? நீங்க அனுப்பின மடவைதானே!"

"ஐயையோ! தின்னுட்டானா? எல்லாரையுமா? நானா அனுப்பினேன்? இந்த வாயாலயா கூப்பிட்டேன்?"

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய மடவை குட்டைக்குள் நுழைந்தது.

"அக்கா, என் தங்கச்சியை நீங்கதான் கூப்பிட்டீங்களாமே? இன்னும் வீடு திரும்பலை. பார்த்தீங்களா?"

அதற்குள் வேர்களுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"யாரு, அடுத்த மடவையா? அனுப்பு, அனுப்பு! இன்னைக்குப் பதில் சொல்லிடறேன். உன் குஞ்சுகள் பிழைச்சுக்கும்!"

விரால் தலைக்கு மேலே பார்த்தாள். குஞ்சுகள் சோர்ந்து மிதந்தன. எதிரே மடவை காத்து நின்றது.

"போகாதே!" என்று கத்தினாள் விரால். "உன் தங்கச்சியைத் தின்னுட்டான். கூப்பிட்டு அனுப்பினது நான்தான்!"

நீர்நாய் சீறிக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தது. விரால் அதன் மூக்கிலேயே கவ்வினாள். "ஐயோ, மூக்கு போச்சே!" என்று அலறிக்கொண்டு நீர்நாய் காட்டுக்குள் ஓடியது.

மடவை விராலின் பக்கத்தில் வந்தது. மெல்லக் கேட்டது.

"எதுக்காக அனுப்பினீங்க?"

"உங்க உடம்பில் உப்பு ஏன் ஏறலைன்னு தெரிஞ்சுக்க."

"இதுக்கா? இதுக்காகவா? அவகிட்டயே கேட்டிருக்கலாமே! எங்க செவுளுக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாசல் இருக்கு. உள்ளே வர்ற உப்பை அது ஓயாம வெளியே தள்ளும். மூச்சு இருக்கிற வரைக்கும்தான் அந்த வேலை. மூச்சு நின்னா அப்புறம் யார் தள்ளுறது?"

நண்டு தன் கொடுக்கிலிருந்த வாலைப் பார்த்தது. சத்தமில்லாமல் அதைக் கீழே வைத்தது.

"என் குஞ்சுகளுக்கு அந்த வாசல் வருமா?" என்றாள் விரால்.

"வராது. நல்ல தண்ணியில் உப்பு கிடைக்கிறது அரிது. அதனால உங்க செவுள் உப்பை உள்ளே இழுக்கத்தான் பழகியிருக்கு. இங்கே இருந்தா செத்துடுவீங்க. வாய்க்கால் வழியா ஏரிக்குப் போங்க."

"வாய்க்கால் அடைஞ்சு போச்சே!"

"யார் சொன்னது? நேத்துக்கூட நான் போயிட்டு வந்தேன். எங்களுக்கு ரெண்டு தண்ணியும் ஒத்துக்கும்."

கூப்பிடு தூரத்தில் வழி இருந்தும், அதைப் பார்க்காமல் விரால் எத்தனை உயிரைப் பலி கொடுத்துவிட்டாள்!

மடவை முன்னால் நீந்தியது. விரால் குஞ்சுகளைத் திரட்டிக்கொண்டு பின்னால் போனாள். வாய்க்காலில் நல்ல தண்ணீர் வாயில் பட்டதும் குஞ்சுகள் ஒவ்வொன்றாய்ச் சிலிர்த்து எழுந்தன.

விரால் திரும்பினாள். "தங்கச்சி, நான் உனக்கு..."

மடவை அதற்குள் கடல் பக்கம் திரும்பிவிட்டது.

நீதி: உயிரோடு இருப்பவரைக் கேட்டால் ஒரு வார்த்தையில் தெரிவதை, அவர் உயிரைப் பறித்துத் தேடினால் ஒருநாளும் தெரியாது.