உப்பின் மேல் சத்தியம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு யானைமேல் தங்க அம்பாரியில் ஊர்வலம் போக ஆசை வந்தது. எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள், ஆசைக்கு ஊரா பேரா! கஜானாவில் அவ்வளவு தங்கம் இல்லை. உப்பு வியாபாரி மகரபூஷணம், "அடியேன் காணிக்கை" என்று அம்பாரியையே செய்துகொண்டு வந்து நிறுத்தினார். நாட்டிலுள்ள பத்து உப்பளங்களில் ஒன்பது அவருடையவை. அளம் ஒவ்வொன்றாகக் கைக்கு வர வர, அரண்மனைக்குப் போகும் காணிக்கையும் பெருத்துக்கொண்டே போனது. இப்போது, 'உப்பு விற்கும் உரிமை மகரபூஷணத்துக்கு மட்டுமே' என்று ஓர் ஓலை தயாராகி, ராஜ முத்திரைக்குக் காத்திருந்தது.

மிச்சமிருந்த ஒற்றை அளத்துக்காரி சடைச்சி, அரண்மனை விகடன் கூத்தபிரானிடம் ஓடினாள். "சாமி, அந்த ஓலையில முத்திரை விழுந்துச்சுன்னா எங்க அடுப்புல பூனைதான் தூங்கும்!"

"அழாதே தாயி, கூடையோட சபைக்கு வா" என்றான் அவன்.

சபையில் மகரபூஷணத்தை வைத்துக்கொண்டே கூத்தபிரான், "மகாராஜா, இந்த அம்பாரி காணிக்கை அல்ல, ஓலைக்குக் கொடுத்த விலை" என்றான்.

அமைச்சர் வீரபோகருக்கு அவன்மேல் நெடுநாள் வயிற்றெரிச்சல். "இக்கணமே நிரூபிக்கட்டும் அரசே! இல்லையேல் நாடு கடத்துங்கள்!" என்றார். அம்பாரி மோகத்தில் ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

கூத்தபிரான் சடைச்சியின் கூடையிலிருந்து ஒரு பிடி உப்பை அள்ளி வியாபாரியின் கையில் வைத்தான். "பலன் கருதாமல் கொடுத்தீர் என்றால் சத்தியம் செய்யும்."

"இந்த உப்பின் மேல் ஆணை! பதிலுக்கு ஒரு துரும்பைக்கூட எதிர்பார்க்கவில்லை!"

"தோற்றான்!" என்று துள்ளினார் வீரபோகர். சடைச்சிக்கு உயிரே போய்விட்டது.

"தோற்றேன், புறப்படுகிறேன்" என்று கும்பிட்டான் கூத்தபிரான். "அந்த ஓலையை மட்டும் கிழித்துவிடுங்கள் மகாராஜா. ஓலை துரும்பைவிடப் பெரிது. அதைக் கொடுத்தால் பாவம், இவர் சத்தியம் கெட்டுவிடும். உப்பு வியாபாரி உப்பின் மேல் செய்த சத்தியமாயிற்றே!"

அதுவும் நியாயம்தான் என்று ராஜா ஓலையை இரண்டாகக் கிழித்தார்.

"ஐயையோ!" என்று அலறினார் மகரபூஷணம். "அப்ப நான் இத்தனை வருஷமாக் கொட்டிக் கொடுத்ததெல்லாம் எதுக்கு?"

"நிரூபணம் போதுமா அமைச்சரே?" என்றான் கூத்தபிரான்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். அம்பாரி மகரபூஷணம் வீட்டுக்கே திரும்பிப் போனது.

"அப்பாடா!" என்று சடைச்சி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். சபை வாசல் தாண்டவில்லை, "உப்போ உப்பு!" என்று கூவத் தொடங்கிவிட்டாள். முதல் போணி அரண்மனை மடைப்பள்ளியில்தான்.