கம்ப்யூட்டர் உதவியில்லாமல் ஆடிய கருடனும் மண்டூகமும்

மொட்டணம்பாளையம் சதுரங்கக் கழகத்தில் மூளைக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூளை நிறையவே இருந்தது. எடுத்துச் செலவு செய்யாமல் மூவரும் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அர்த்தநாரி தலைவர், குப்பண்ணன் செயலாளர், காளியண்ணன் நடுவர். உறுப்பினர் என்று தனியாக யாரும் கிடையாது.

ஒருநாள் கட்டடச் சொந்தக்காரர் சென்னியப்பன் கழகத்தின் மாடி அறைக்குப் படியேறி வந்தார்.

"ரெண்டு வருசமா ஒரு போட்டிகூட நடத்தலீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை நடத்திக் காட்டுங்க. இல்லாட்டி அறையைக் கேரம்காரங்களுக்குக் குடுத்துருவேன்" என்றார்.

தலைவருக்கு அந்த அறைதான் உயிர். ஆனால் ஊரில் சதுரங்கம் ஆட ஆளில்லையே! கம்ப்யூட்டர் புரோகிராம்களை மோதவிட்டு, இணையத்தில் போட்டி நடத்துவது என்று முடிவாயிற்று. திருப்பூர்க்காரர் ஒருவர் செய்த 'கருடன்', சேலத்துக்காரர் ஒருவர் செய்த 'மண்டூகம்' இரண்டும் மின்னஞ்சலில் வந்து இறங்கின. குப்பண்ணனின் மைத்துனர் மூடிவிட்ட பிரவுசிங் சென்டரிலிருந்து இரண்டு கம்ப்யூட்டர்களைத் தூக்கி வந்து, ஒவ்வொன்றிலும் ஒன்றை ஏற்றினார்கள்.

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் கழகத்தின் விதிகள் தொங்கின. மனிதர்கள் ஆடிய காலத்தில் எழுதியவை. "இதுல ஒரு எழுத்துகூடத் தப்பக் கூடாது" என்றார் தலைவர். வந்தது வினை.

ஆட்டத்துக்கு முன் கைகுலுக்க வேண்டும் என்பது முதல் விதி. காளியண்ணன் இரண்டு மவுஸையும் எடுத்து மரியாதையாக முட்டவைத்தார். ஆட்டக்காரர்களுக்கு டீயும் வடையும் தர வேண்டும் என்பது அடுத்தது. தந்தார்கள். ஆறிப்போனதும் வேறு டீ தந்தார்கள்.

"மண்டூகம் வடையைத் தொடலீங்களே" என்று குப்பண்ணன் வருத்தப்பட்டார்.

"பயமுங்க, வயித்துல எறங்காது" என்றார் காளியண்ணன்.

"கருடனும் தொடலியே?"

"அது திமிரு."

ஒருவழியாக ஆட்டம் தொடங்கியது. பதினோரு நகர்த்தல் முடிந்திருக்கும். காளியண்ணன் ஏழாம் விதியைப் படித்தார். அவர் முகம் வெளுத்தது. 'ஆடும்போது கம்ப்யூட்டரின் உதவியைப் பெறுகிறவர் நீக்கப்படுவார்.' மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு அலறினார்.

"தலைவரே, மோசம் போயிட்டோமுங்க! கருடன் கம்ப்யூட்டரை வெச்சுத்தான் ஆடுது!"

"அடப்பாவி! மண்டூகம்?"

"அதுவுந்தானுங்க. உள்ளாரயே உக்காந்துட்டு ஆடுது!"

தலைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ரெண்டையும் நீக்கிட்டா போட்டி ஏது? அறை போயிருமே!" அழாத குறைதான்.

குப்பண்ணனுக்கு இளகிய மனசு. "செஞ்சு ஒரு வருசங்கூட ஆகலையாமுங்க. பச்சைப் புள்ளைங்க. ஒரு தடவை மன்னிச்சு, கம்ப்யூட்டரை மட்டும் நிறுத்திருவோம். அப்பறம் நேர்மையா ஆடட்டும்."

காளியண்ணன் இரண்டு கம்ப்யூட்டர்களின் ஒயரையும் பிடுங்கினார். ஆட்டக் கடிகாரமும் உள்ளேயே இருந்ததால் அதுவும் நின்றது. நேரம் தீர்ந்து தோற்கிற பயமும் யாருக்கும் இல்லை.

"பாருங்க, இப்பத்தான் சொந்த மூளையில யோசிக்குதுங்க!" தலைவருக்கு மெய்சிலிர்த்தது.

திருப்பூர்க்காரர் பதறிப்போய்ப் போன் செய்தார். "ஆட்டம் இணையத்துல தெரியலீங்களே?"

"உங்க மானத்தை இப்பத்தான் காப்பாத்தினோம். பேசாம போனை வெய்யுங்க" என்றார் குப்பண்ணன்.

சாயங்காலம் சென்னியப்பன் வந்து, இருண்டு கிடந்த திரைகளைப் பார்த்தார். "என்னங்க, ரெண்டும் அசையாமக் கெடக்குது?"

"மெதுவாப் பேசுங்க, போட்டி நடக்குது!"

சென்னியப்பன் சதுரங்கப் போட்டியை டிவியில் பார்த்திருக்கிறார். அங்கேயும் யாரும் அசையவில்லை. "சரி, முடியட்டும். அதுவரைக்கும் அறை உங்களுதுதான்" என்று கிசுகிசுத்துவிட்டு, சத்தம் வராமல் படியிறங்கினார்.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. போன வாரம் காளியண்ணன் தலைவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நானும் நாலு மாசமா கண்ணு வாங்காமப் பாக்கறேனுங்க. கருடன் என்ன பண்ணுதோ, அதையேதான் மண்டூகமும் பண்ணுது. அப்பட்டமாப் பாத்துக் காப்பி அடிக்குதுங்க!"

இப்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு அட்டையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.