நாரைகள் மகாசபையும் கிழக்குத் துறையும்

கருங்குவளை ஏரியில் முன்பெல்லாம் முதலைகள் கிடையாது. ஒரு பெருவெள்ளத்தில் ஆற்றோடு அடித்துக்கொண்டு வந்தவை அவை. "வெயில் காய ஒரு முழம் மணல் கொடுங்கள், போதும்!" என்று கேட்டன. காட்டு விலங்குகள் பாவம் பார்த்துக் கொடுத்தன. கொஞ்ச காலத்தில் கரை முழுவதும் முதலைகளின் சொத்தாகிவிட்டது. யார், எந்தத் துறையில், எப்போது தண்ணீர் குடிக்கலாம் என்பதற்கெல்லாம் சட்டம் வந்தது. சட்டத்தை மீறிப் போனவர்கள் வீடு திரும்பவில்லை.

முதலைகளின் தலைவர் பெயர் மகரராயர். அவர் போடும் சட்டமெல்லாம் முதலைப் பாஷையில்தான் இருக்கும். காட்டில் அந்தப் பாஷை தெரிந்தவை நாரைகள் மட்டுமே. முதலைகளின் முதுகில் ஒட்டிய அட்டைகளைக் கொத்தித் தின்னப் போன இடத்தில், காதில் விழுந்து விழுந்து பழகிவிட்டது. அதிலும் நெடுங்காலன் என்ற நாரை பேசத் தொடங்கினால், முதலைக்குட்டிகளே வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். அவை எதற்காக வாயைப் பிளந்தன என்பது வேறு விஷயம்!

இந்த நெடுங்காலன் ஒரு நாள் மற்ற நாரைகளைக் கூட்டினான்.

"நாம் ஒரு சபை தொடங்குவோம்! காட்டு மக்கள் சார்பாக நாமே போய்க் கேட்போம்!" என்றான்.

அதுவரை அந்தக் காட்டில் யாரும் கூடிப் பேசியதே இல்லை. அவரவர் புதரில் அவரவர் முணுமுணுப்பு, அவ்வளவுதான். ஆகவே 'நாரைகள் மகாசபை' பிறந்த நாள் பெரிய நாள்தான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

குளிர்காலம்தோறும் மகாசபை ஏரியின் நடுப்பாறையில் கூடும். நாரைகள் கழுத்தில் அல்லிக்கொடி சுற்றிக்கொண்டு, ஒற்றைக்காலில் வரிசையாக நிற்கும். முதல் தீர்மானம், மகரராயர் நீடூழி வாழ வேண்டும் என்பது. அதற்குப் பிறகு விண்ணப்பங்கள். எல்லாம் சுத்தமான முதலைப் பாஷையில்! மகரராயர் கண்களை மூடிக்கொண்டு கேட்பார். கடைசியில், "ஆவன செய்யப்படும்" என்பார். ஒன்றும் நடக்காது. ஆனாலும் நாரைகள் திரும்பும் வழியெல்லாம் நெடுங்காலனின் பேச்சை மெச்சி மெச்சியே பொழுதைப் போக்கும்.

கரையிலிருந்து பார்த்த மற்ற விலங்குகளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் கூடி நிற்கலாம் என்பது மட்டும் புரிந்துவிட்டது. பன்றிகள் 'கோரைப்பல்லர் கட்சி' தொடங்கின. "கெஞ்சினது போதும், முட்டுவோம்!" என்பது அதன் கொள்கை. குரங்குகள் சும்மா இருக்குமா? அவை 'கிளைவாசிகள் சங்கம்' தொடங்கின. மகரராயர் உடனே குரங்குகளுக்கு மட்டும் தெற்குத் துறையில் தனி நேரம் ஒதுக்கினார். பன்றிகளுக்கு வயிறு எரிந்தது. அதற்குப் பிறகு முதலையை யார் நினைத்தார்கள்! பன்றியும் குரங்கும் மரத்தடியில் கட்டிப் புரண்டன.

அந்தக் கோடையில் ஒரு புதுச் சட்டம் வந்தது. 'கிழக்குத் துறை மூடப்படும். அந்த மணல் முதலைகள் முட்டையிடுவதற்கு மட்டுமே.'

காடே கலங்கியது. ஆழமில்லாத துறை அது ஒன்றுதான். குட்டிகள் பயமில்லாமல் குடிக்கும் இடமும் அதுதான். மற்ற துறைகளில் இறங்கினால் தண்ணீர் ஆளைக் குடித்துவிடும்.

நெடுங்காலன் மகரராயரிடம் ஓடினான். தனக்குத் தெரிந்த அழகான சொற்களையெல்லாம் அடுக்கினான்.

மகரராயர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "காட்டு மக்கள் சார்பாக என்கிறாயே, அவர்கள் உன்னை அனுப்பினார்களா?"

இந்தக் கேள்வியை நெடுங்காலன் எதிர்பார்க்கவே இல்லை.

"நாளைக் காலை கிழக்குத் துறைக்கு அவர்களை அழைத்து வா! காட்டில் பாதிப் பேர் வந்தால்கூடப் போதும், துறையைத் திறந்துவிடுகிறேன். வராவிட்டால் துறையும் மூடப்படும், உன் சபையும் மூடப்படும். பிறகு 'காட்டு மக்கள்' என்ற சொல் உன் அலகிலிருந்து வரக்கூடாது!"

மகரராயர் சிரித்தார். சிரிக்கும்போது பற்கள் எல்லாம் தெரிந்தன.

நெடுங்காலன் காட்டுக்குள் இறங்கினான். இத்தனை காலமும் அவன் காட்டுக்கு மேலே பறந்தவன்தான். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. உள்ளே முள்ளும் புழுதியும் இருப்பது இப்போதுதான் தெரிந்தது. ஒரு புற்றின் மேல் ஏறி நின்றான். தொண்டையைச் செருமினான். பழக்கதோஷம் விடுமா? முதலைப் பாஷையிலேயே, "பெரியோர்களே!" என்று முழங்கினான்.

அவ்வளவுதான்! "முதலை! முதலை!" என்று அலறிக்கொண்டு காடு நாலா பக்கமும் சிதறி ஓடியது.

ஒரே ஒரு கடமான் மட்டும் ஓடவில்லை. மருதாயி என்ற அந்தக் கடமானுக்கு நிறைமாதம்.

"என்னால ஓட முடியல. கடிக்கிறதா இருந்தா கடி!" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஐயோ, நான் முதலை இல்லம்மா! நெடுங்காலன்! உங்க தலைவர்!"

மருதாயி கண்ணைத் திறந்தாள். "எங்களுக்குத் தலைவரா? எப்ப இருந்து?"

"உங்களுக்காகத்தானே வருஷா வருஷம் பாறையில நின்னு பேசுறோம்!"

"ஓ, அந்த ஒத்தக்கால் கூட்டமா! அங்க என்னதான் கேக்குறீங்க?"

"முதலைகளோட ஆலோசனை சபையில ரெண்டு நாரைக்கு இடம் வேணும்னு."

"தண்ணி?"

"அது... கடைசித் தீர்மானத்துல இருந்துச்சு. அதுக்குள்ள அவர் தூங்கிட்டார்."

மருதாயி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. உலர்ந்த நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் நெடுங்காலனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவன் குரல் தானாகவே தாழ்ந்தது.

"நாளைக்குக் காலைல கிழக்குத் துறைக்கு வரணும்மா. எல்லாரும் வரணும். வந்தா உயிருக்கு ஆபத்துதான், பொய் சொல்ல மாட்டேன். வரலைன்னா துறை போயிடும்."

"இப்படிச் சொன்னா யாருக்கும் புரியுமே! வா, நானும் கூட வர்றேன். நீ தனியாப் போனா மறுபடியும் எல்லாரும் ஓடிடுவாங்க."

இருவரும் நடந்தார்கள். புதர் புதராக, வளை வளையாக நின்று நின்று சொன்னார்கள். நெடுங்காலனின் கால்களை முள் கிழித்தது. பன்றிகளிடம் போனபோது, "குரங்கு வந்தா நாங்க வர மாட்டோம்!" என்றன. குரங்குகளிடம் போனபோது, "பன்றி முன்னால நின்னா நாங்க வர மாட்டோம்!" என்றன.

"முன்னால நான் நிக்கிறேன். முதல் கடி எனக்கு விழட்டும். அப்புறம் நீங்க எங்க வேணும்னாலும் நில்லுங்க!" என்று இரண்டு கட்சிகளிடமும் சொன்னான் நெடுங்காலன்.

அப்போதும் வருவதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

மறுநாள் பொழுது விடிந்தது. நெடுங்காலன் கிழக்குத் துறைத் தண்ணீரில் தனியாக நின்றான். இன்று இரண்டு கால்களையும் ஊன்றியிருந்தான். எதிரே முதலைகள் வரிசையாகக் கிடந்தன. நடுவில் மகரராயர். மற்ற நாரைகள்கூட ஒரு மரத்து உச்சியில் உட்கார்ந்து, நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"எங்கே உன் மக்கள்?" என்றார் மகரராயர்.

நெடுங்காலனுக்குத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

அப்போது காலடி மணல் அதிர்ந்தது. தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள் எழுந்தன. நெடுங்காலன் திரும்பினான்.

அப்பப்பா! அதை எப்படிச் சொல்வேன்! மரங்களுக்கு நடுவே புழுதி எழுந்தது. புழுதிக்குள்ளிருந்து யானைகள் வந்தன. யானைகளின் கால்களுக்கு இடையே முயல்கள் வந்தன. மருதாயி தன் கூட்டத்தோடு மெல்ல மெல்ல நடந்து வந்தாள். கிளைக்குக் கிளை தாவியே போகும் குரங்குகள் தரையில் நடந்தன. அவற்றுக்கு அருகிலேயே பன்றிகள் முறைத்துக்கொண்டு வந்தன. கீரியும் பாம்பும் ஒரே பாதையில், கொஞ்சம் தள்ளித் தள்ளி வந்தன. ஒரு புலியும் வந்தது. அதைக் கண்டு யாரும் ஓடவில்லை. அதுவே அசந்துபோய் ஒரு ஓரமாக நின்றுகொண்டது. கரை நிறைந்தது, கரைக்கு மேலுள்ள மேடு நிறைந்தது, அதற்கு அப்பாலும் தலைகள் தெரிந்தன.

"அம்மாடி! நம்ம காடு இவ்வளவு பெரிசா!" என்று நெடுங்காலன் முணுமுணுத்தான். 'காட்டு மக்கள், காட்டு மக்கள்' என்று அவன் பேசாத கூட்டமில்லை. அந்தச் சொல்லின் அளவை இன்றுதான் கண்ணால் பார்த்தான். கண்ணில் நீர் முட்டியது. தயாரித்து வைத்திருந்த சொற்பொழிவில் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை.

"இவர்களுக்கு என்ன வேண்டுமாம்?" என்று கேட்டார் மகரராயர்.

நெடுங்காலன் அலகைத் திறந்தான். முதல் முறையாக, மகரராயரின் முகத்துக்கு நேரே, காட்டுப் பாஷையில் கத்தினான்.

"தண்ணி!"

"தண்ணி!" என்றது காடு.

யானை பிளிறியதும் முயல் கீச்சிட்டதும் ஒரே குரலாகப் போய் ஏரியின் அக்கரையில் மோதித் திரும்பியது. மகரராயருக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவைப்படவில்லை.

ஓர் இளம் முதலை அவர் பக்கமாக நகர்ந்து, "ஐயா, இதில் யாரைக் கடிப்பது?" என்று கேட்டது.

மகரராயர் கூட்டத்தின் கடைசியைத் தேடிப் பார்த்தார். அது அவர் கண்ணுக்கு எட்டவில்லை. திறந்த வாயை மெல்ல மூடினார். பின்னோக்கி நகர்ந்து ஆழத்துக்குள் இறங்கினார். மற்ற முதலைகளும் ஒவ்வொன்றாக மறைந்தன.

முதலைகள் ஏரியை விட்டுப் போய்விடவில்லை. அதற்கு இன்னும் எத்தனையோ கோடைகள் ஆயின. ஆனால் அன்று கிழக்குத் துறை திறந்தது. மருதாயி முதலில் இறங்கிக் குடித்தாள். பிறகு ஒரே நெரிசல், தள்ளுமுள்ளு, சிரிப்பு! யாரும் நெடுங்காலனைப் பாராட்டிப் பேசவில்லை. அவனுக்கும் தாகம் தாங்கவில்லை. குனியப் போனால் அலகு நுழைக்கக்கூட இடமில்லை.

பக்கத்திலிருந்த முள்ளம்பன்றி முட்களை ஒடுக்கிக்கொண்டு நகர்ந்தது. "இப்படி வாப்பா! நம்ம ஆளுதானே, குடி!" என்றது.

நெடுங்காலன் அவர்களோடு சேர்ந்து குனிந்து, வயிறு நிறையக் குடித்தான்.

பிறருக்காகப் பேச வருகிறவர் முதலில் அவர்களோடு நடந்து, அவர்கள் பேச்சில் பேசி, அவர்களில் ஒருவராக வேண்டும். அப்போதுதான் ஒற்றைக் குரல் ஒரு நாட்டின் குரலாகும்.