பட்டாளத்துக்காரர் கலைத்த மறியல்

பட்டாளத்தை விட்டு வந்து போலீஸில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவர் மாசிலாமணி. "எல்லையில நின்னவனுக்கு ஊருக்குள்ள என்ன வேலை?" என்று இன்ஸ்பெக்டர் ராஜதுரைக்கு அவரைக் கண்டாலே இளக்காரம்.

ஒருநாள் குடிதண்ணீர் வரவில்லையென்று பெண்கள் காலிக்குடங்களோடு நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். நின்றுபோன வண்டிகளின் ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது. ஜீப்பை ரோட்டோரம் நிறுத்திவிட்டு இறங்கினார் இன்ஸ்பெக்டர்.

"என்னய்யா பட்டாளம்! எதிரிப் படையையே விரட்டினவனாச்சே. லத்தியைத் தொடாம இவங்களைக் கலைச்சுக் காட்டு. முடியலேன்னா நாளைக்கே உன்னை ஆயுதப்படைக்கு மாத்தச் சொல்லி எழுதிடுவேன். அங்க போய்த் துப்பாக்கியோட வாசல்ல நில்லு."

மாசிலாமணி பெண்கள் பக்கமே போகவில்லை. ஹார்ன் சத்தம் வந்த திசைகளில் காதைக் கொடுத்தபடி ஜீப்புக்குப் பின்னால் போனார். "பயந்து ஓடுறான் பாரு" என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர். போனவர் உடனே திரும்பி வந்து சல்யூட் அடித்தார்.

"ஐயா, நம்ம ஜீப்பைக் கொஞ்சம் நகர்த்தணும்."

"எதுக்கு?"

"அது சந்து வாயை அடைச்சு நிக்குதுங்கய்யா. ரோடு மறிச்சிருக்குன்னு சந்து வழியா வந்த தண்ணி லாரிக்காரன் உள்ள மாட்டிக்கிட்டு அப்போலேர்ந்து ஹார்ன் அடிச்சுக்கிட்டு இருக்கான்."

ஜீப் நகர்ந்தது. லாரி வந்தது. ரோட்டில் ஒரு குடம் மிச்சமில்லை.

இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கிவிட்டது. "இதெல்லாமா பட்டாளத்துல சொல்லிக் குடுத்தாங்க?"

"அங்க சொல்லிக் குடுத்தது துப்பாக்கிங்கய்யா. அது இன்னிக்கு உதவலை. பாலைவனத்துல காலி பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டுத் தண்ணி லாரி ஹார்ன் எப்போ கேக்கும்னு காத்துக் கிடந்தோம் பாருங்க, அதுதான் உதவுச்சு."